கொட்டகை விளக்கும் அண்ணன் கிணறும்

எத்திராஜ் சித்தப்பாவுக்குத் திருப்பதி சினிமாக் கொட்டகைகளில் ‘மஞ்ச எத்திராஜ்’ என்று பெயர். அவர் ஓட்டினால் படம் மஞ்சளாகத் தெரியும். விளக்கைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி மானேஜர் ஆள் அனுப்புவார். சித்தப்பா கேட்டுக்கொள்வார், தலையை ஆட்டுவார், ஏற்ற மாட்டார். மின்சார ஆபீஸ் அனுமதித்த அளவு எதுவோ அந்த இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருப்பார். முள் அதைத் தாண்டக் கூடாது. இந்தப் பிடிவாதத்தால் எந்தக் கொட்டகையிலும் அவருக்கு வேலை நிலைக்கவில்லை. சிலர் அவரை ரொம்ப நேர்மையானவர் என்றார்கள். சிலர் கிறுக்கு என்றார்கள். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கோடு எங்கள் கிணற்றோடு சேர்ந்த விஷயம்.

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் அப்பா ரங்கையா மூத்தவர், அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எத்திராஜ் சித்தப்பா இளையவர். தாத்தா சீக்கிரம் இறந்துவிட்டதால் தம்பியை நைனாதான் வளர்த்தார். ஒருமுறை வெல்லம் ஏற்றிய வண்டியோடு சித்தப்பாவைச் சித்தூருக்கு அனுப்பினார். வண்டி திரும்பி வந்தது, சித்தப்பா வரவில்லை. மண்டியில் வெல்லத்தை இறக்கிவிட்டு ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போனவர், படம் முடிந்ததும் வெளியே வராமல், வெளிச்சம் வருகிற ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். நைனா தேடிக்கொண்டு போனபோது அந்தக் கொட்டகையில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஊட்டுக்கு வாடா.”

“இல்லண்ணா. இங்கியே கத்துக்கினு இருக்கேன்.”

“இன்னா கத்துக்கிறே, பெஞ்சு தொடைக்கவா?”

“மொதல்ல பெஞ்சு. அப்புறம் மெஷினு.”

நைனா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தம்பி ஆசைப்பட்டு நின்றால் நைனாவால் எதையும் மறுக்க முடியாது என்று அம்மா சொல்வாள். அம்மா பெயர் ரத்னம்மா. அவள் இதைக் குறையாகத்தான் சொல்வாள்.

சில வருஷங்களில் சித்தப்பா ஆபரேட்டர் பரீட்சை எழுதினார். விண்ணப்பம் போட்டது மதராஸுக்கு, லைசென்ஸ் வந்தது ஆந்திராவிலிருந்து. நடுவில் ராஜ்யம் பிரிந்துவிட்டது. “நான் பாஸ் பண்ணதும் கவர்மெண்டே மாறிப்போச்சு பாரு அண்ணி” என்று அம்மாவிடம் பெருமையடித்தார். “நீ பெஞ்சு தொடைக்கும்போது வெள்ளக்காரன் போனான், மெஷினைத் தொட்டதும் மதராஸ்காரன் போனான். இனிமே நீ எதையும் தொடாதே” என்றாள் அம்மா. அந்த வருஷமே சுந்தரி சித்தியைக் கட்டிக்கொண்டார்.

ஊருக்கு மின்சாரம் வந்தபோது நைனா கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி மோட்டார் வைத்தார். மாடு பூட்டி இறைக்கிற கபிலையைக் கழற்றிப் பரணில் போட்டார். கரும்பு ஏறியது. ஆனால் அப்போது கிராமத்து லைனில் பகலில் கரண்ட் கிடையாது. சாயங்காலம் விட்டால் படுக்கிற நேரம் வரைதான். அந்த நேரத்துக்குள் இறைத்துக்கொண்டால் உண்டு.

ஐம்பத்தேழாம் வருஷம் கோடையில், சித்தூர்க்காரர் கிருஷ்ணப்பா எங்கள் ஊரில் டென்ட் கொட்டகை போட வந்தார். அவருக்கு ஆபரேட்டர் எத்திராஜ் சித்தப்பா. நல்லபடியாக நடந்தால் அடுத்தது சித்தூரிலேயே ஓட்டுக் கட்டடக் கொட்டகை, அதில் சித்தப்பாதான் தலைமை ஆபரேட்டர் என்று பேச்சு. டென்ட் போட ரோட்டோரம் இடம் வேண்டும். எங்கள் கரும்புக்குப் பக்கத்தில் பயிர் வைக்காத கரம்பு ஒன்று அங்கே கிடந்தது. சித்தப்பா நைனாவிடம் வந்து நின்றார்.

“அண்ணா, நம்ம கரம்புல போடலாமா?”

“போடு. ஆனா படம் பாக்க வர்றவன் கரும்பை ஒடிச்சித் துன்னாம நீதான் பாத்துக்கணும்.”

“விளக்கு அந்தப் பக்கம் அடிக்கும். திருட முடியாது.”

“நீ படத்த பாப்பியா, கரும்ப பாப்பியா?” என்று அம்மா கேட்டாள்.

கொட்டகை வந்தது. கூரைத் துணிக்கு அடியில் மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மறைப்பு. பின்னால் தகரத்தில் கேபின். சினிமா விளக்கு நம் வீட்டுக் குண்டு பல்பு மாதிரி இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளை முனையோடு முனை தொடவிட்டுப் பிரித்தால் நடுவில் கண்ணால் பார்க்க முடியாத வெளிச்சம் பிறக்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிந்து குறையக் குறைய நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் கரண்ட் கூடும், படம் வெளுக்கும். மின்சார ஆபீஸ் கொடுத்த அனுமதி சின்ன விளக்குக்கு. கிருஷ்ணப்பாவின் திரையோ பெரியது, துணிக் கூரையில் நிலா வெளிச்சமும் இறங்கும். அனுமதித்த அளவில் எரித்தால் படம் மஞ்சளடித்தது. சித்தப்பா திருகைத் திருப்பினார். படம் பளிச்சென்று வந்தது. ஜனம் கை தட்டியது. கேபின் கதவைத் திறந்து சித்தப்பா வெளியே எட்டிப்பார்த்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்குப் பிறகு அவரிடம் நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் மோட்டாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொட்டகைக்கும் கிணறுகளுக்கும் ஒரே லைன், ஒரே சின்ன டிரான்ஸ்ஃபார்மர். விளக்கு பற்றியதும் மோட்டார் சத்தம் தாழ்ந்து, குழாயில் வருகிற தண்ணீர் கை மொத்தத்திலிருந்து விரல் மொத்தத்துக்கு வந்துவிடும். கொட்டகையில் ஒரு மெஷின்தான், ஆகவே ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கை அணைப்பார்கள். உடனே மோட்டார் உறுமும், வாய்க்கால் நிறையும். கரும்பில் மடை மாற்றிக்கொண்டிருக்கிற நைனாவுக்குப் படத்தில் எத்தனையாவது ரீல் ஓடுகிறது என்று தெரியும். “இன்டர்வெல்லு வந்துட்டுது, சீக்கிரம் கடைசிப் பாத்திக்குத் திருப்பு” என்று அம்மாவைக் கூப்பிடுவார். முதலில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தோம். சித்தப்பாவே சிரித்தார்.

“அண்ணி, உங்களுக்காகவே இன்னும் ரெண்டு இன்டர்வெல் விடச் சொல்றேன்.”

“படமே வாணாம், இன்டர்வெல்லு மட்டும் காட்டு. கரும்பு பொழைச்சிக்கும்.”

கோடை முற்றியதும் சிரிப்பு நின்றது. கரும்பு நுனி கருகியது. மற்ற கிணற்றுக்காரர்களும் கூடிப் பேசினார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மின்சார ஆபீசுக்குப் போனார்கள். அங்கே, எல்லைப் பேச்சு முடியட்டும் என்றார்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்குமா, மதராஸோடு போகுமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் பக்கம் போகப்போகிற ஊருக்கு இன்றைக்கு எதற்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டார்களாம். கிணற்றுக்காரர்கள் அப்படியே திரும்பி வரவில்லை. அப்படியானால் கொட்டகை விளக்கை அளந்து பாருங்கள், அனுமதிக்கு மேல் இழுத்தால் வெட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். நைனா கையெழுத்துப் போடவில்லை. “அண்ணன் தம்பி நியாயம்” என்று சிட்டிபாபு என்கிற பக்கத்துக் கிணற்றுக்காரர் குத்தலாகச் சொன்னார். 

அளப்பதற்கு வெங்கடரமணன் என்கிற டெஸ்டர் வருவதாக முந்தின நாளே தெரிந்துவிட்டது. டெஸ்டர் வருகிற அன்று மத்தியானம் சுந்தரி சித்தி சோறு எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனபோது சித்தப்பா வழக்கமான குச்சிகளைக் கழற்றி எடுத்து, மெல்லிசானவற்றைப் போட்டுக்கொண்டிருந்தார். திருகைப் பின்னால் திருப்பி அனுமதித்த அளவில் வைத்தார்.

“இப்படி எரிஞ்சா படம் தெரியாதே” என்றாள் சித்தி.

“இன்னிக்கு ஒரு நாளு.”

“மாமாவோட கரும்பு?” சித்தி நைனாவை மாமா என்றுதான் சொல்வாள்.

“டெஸ்டு முடிஞ்சதும் இப்படியே கொறைச்சே ஓட்றேன். ஜனம் பழகிக்கும். கரும்பும் பொழைக்கும், கொட்டகையும் நிக்கும். ஒருத்தருக்கும் நஷ்டமில்ல.”

அப்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறாள்.

சாயங்காலம் டெஸ்டர் ஒரு மரப்பெட்டி மீட்டரோடு வந்தார். தெலுங்குக்காரர், அமைதியான மனிதர். தமிழ் புரியும், பேச வராது. ரீல் மாற்றுகிறபோது விளக்கில்லாமல் கொட்டகை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். மெயின் மீட்டரில் சுற்றுகிற தட்டில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கையிலிருந்த கடிகாரத்தோடு சேர்த்துக் கவனித்தார். பிறகு விளக்கைப் பற்றவைக்கச் சொன்னார். படம் ஓடத் தொடங்கியது. தட்டு வேகமாகச் சுற்றியது. மறுபடி கவனித்து எழுதிக்கொண்டார். முந்தினதை இதில் கழித்தால் விளக்கின் கணக்கு. அது அனுமதிக்குள் இருந்தது.

திரையில் எல்லோரும் காமாலைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் “எத்திராஜூ, வெளக்குல எண்ணெய் ஊத்துடா” என்று கத்த, கொட்டகை சிரித்தது. வெங்கடரமணன் சிரிக்கவில்லை. அவருக்கு ஏதோ சந்தேகம். ஊர்க் குடியானவர் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிடச் சொன்னார். சிட்டிபாபு முன்னால் வந்தார். அவர் மனுப் போட்ட கட்சி என்பதால், கையெழுத்துப் போடாத ஒருவர் வேண்டும் என்றார் டெஸ்டர். கிணற்றுக்காரர்களில் அப்படி இருந்தது நைனா ஒருவர்தான்.

அன்று மடை மாற்றப் போகாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நைனா மணலிலிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். சித்தப்பா கேபின் கதவில், துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார். டெஸ்டர் திரையைக் காட்டி, “ஏமய்யா, ரோஜூ இதே வெலுகேனா?” என்றார். தினமும் இதே வெளிச்சம்தானா என்பது கேள்வி. நைனா திரையைப் பார்த்தார். பிறகு கேபின் கதவைப் பார்த்தார்.

“அவுனண்டி. இதே” என்றார். ஆமாங்க, இதேதான் என்று அர்த்தம்.

அதோடு முடிந்தது. விளக்கு அனுமதிக்குள் இருக்கிறது, வெட்ட முகாந்திரம் இல்லை என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. கிணற்றுக்காரர்கள் இதற்கு மேல் யாரிடமும் போக முடியாது. “அண்ணன் கண்ணு தம்பி வெளக்குல கூசிப்போச்சு” என்றார் சிட்டிபாபு.

சித்தப்பா சொன்னபடி குறைத்துத்தான் ஓட்டினார். ஜனம் பழகவில்லை. விசிலடித்தது, மணலை வாரித் திரைமேல் வீசியது, அடுத்த ஊர்க் கொட்டகைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனது. கிருஷ்ணப்பா சித்தூரிலிருந்து வந்து கேபினுக்குள் நின்று சத்தம் போட்டார். “படம் காட்டச் சொன்னா மஞ்சத் தண்ணியக் காட்றியா? முடியலன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்.” அன்று சாயங்காலம் திருகு பழைய இடத்துக்குப் போனது. கரும்பில் நின்றிருந்த நைனா மோட்டார் சத்தம் தாழ்வதைக் கேட்டார். அம்மா கொட்டகைப் பக்கம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “மடையைப் பாரு” என்றார் நைனா.

சிட்டிபாபுவும் இன்னொருவரும் எண்ணெய் எஞ்சினுக்கு மாறினார்கள். நைனாவுக்கு அது எட்டாது. அவர் பரணிலிருந்து கபிலையை இறக்கினார். கபிலை என்றால் பகலெல்லாம் மாட்டைக் கட்டி இறைக்கலாம், யார் விளக்கும் தடுக்க முடியாது. ஆனால் அதில் ஒரு கஷ்டம் இருந்தது. மோட்டார்க் குழாய் முழங்கால் தண்ணீரிலும் உறிஞ்சிவிடும். கபிலையில் தண்ணீர் மொள்ளுகிற பெரிய வாளியான சால் முழுகி நிரம்ப ஆள் உயரத் தண்ணீர் வேண்டும். கோடையில் எங்கள் கிணற்றில் அவ்வளவு நிற்கவில்லை. அடியில் பாறை. அதை வெட்டிப் பள்ளமாக்கினால்தான் சால் இறங்கும்.

பாறையை உடைக்கிற வெடித் தோட்டா வைக்க, அந்த வேலை தெரிந்த நாகபூஷணத்தைக் கூப்பிட்டார்கள். அவர் கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்து, ஊற்று வருகிற இடத்துக்குக் கிட்டத்தான் குழி போட வேண்டியிருக்கிறது என்று சொன்னார். “ஊத்து பக்கத்துல தோட்டா வெச்சா ரெண்டு மாதிரியும் ஆகும் ரங்கையா. கண்ணு தொறந்தாலும் தொறக்கும். விரிசல் உட்டா தண்ணி அது வழியே போயும் போயிடும். யோசிச்சிக்கோ.”

நைனா யோசித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா வந்தார். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணா, தோட்டா வாணாம். நான் டென்ட்டை எடுத்துடச் சொல்றேன்.”

“யாருகிட்ட சொல்லுவே, கிருஷ்ணப்பாகிட்டயா?”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு இன்னா பண்ணுவே? மறுபடி பெஞ்சு தொடைக்கவா?”

சித்தப்பா நின்றுகொண்டே இருந்தார். டெஸ்டு அன்று விளக்கைக் குறைத்து வைத்ததைச் சொல்லிவிடத்தான் நினைத்தாராம், பிறகு சித்தியிடம் சொன்னார். நைனா எழுந்து அவர் தோளைத் தட்டிவிட்டு, “போ, ஆட்டத்துக்கு நேரமாச்சு. கிணறு என் வேலை” என்றார்.

மறுநாள் காலையில் வெடித்தார்கள். சத்தம் கேட்டு மலையிலிருந்து காக்கைகள் கிளம்பின. புகை அடங்கியதும் நாகபூஷணம் இறங்கினார், பின்னாலேயே நைனா. பாறை நன்றாகத்தான் உடைந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் கலங்கலாக நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. அம்மா சூடம் ஏற்றினாள். கற்களை வாரி மேலே ஏற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. கல் எடுத்ததால் என்று நினைத்தார்கள். விடிந்தபோது பள்ளத்தில் சேறு மட்டும் இருந்தது. வடக்குச் சுவரின் அடியில் கை நுழைகிற அளவு ஒரு விரிசல். ஊற்றுத் தண்ணீர் எல்லாம் அதில் இறங்கிப் போய்விட்டது. அம்மா படியிறங்கி, விரிசலில் காதை வைத்துக் கேட்டாள். தூரத்தில் தண்ணீர் போகிற சத்தம் கேட்பதாகச் சொன்னாள். நைனா இறங்கவில்லை. மேலே நின்று, “ஏறி வா ரத்னம்மா” என்று மட்டும் கூப்பிட்டார்.

கரும்பை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். பிறகு மாட்டையும் விற்றோம். மழை வந்ததும் கிருஷ்ணப்பா டென்ட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். அது எப்படியும் கோடையோடு போகிற டென்ட்தான். எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் அது. ஆனால் அந்தக் கோடைக்குள்தான் எல்லாம் நடந்து முடிந்தது. சித்தூர்க் கட்டடக் கொட்டகை வந்தபோது சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

நாங்கள் திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூருக்குக் குடிவந்தோம். ஊரில் தமிழில் படித்துக்கொண்டிருந்த நான் இங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். நைனாவுக்கு ஒரு லாட்ஜில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் தங்குதடையில்லாமல் ஓடும். அவர் பக்கத்தில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று லாட்ஜ்காரர்கள் சொல்வார்கள்.

சித்தப்பாவும் சித்தியும் திருப்பதிக்கே வந்தார்கள். அப்போதுதான் சிவப்புக் கோடு பழக்கம் தொடங்கியது. காலையில் ஆட்டம் இல்லாத நேரத்தில் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்குப் பென்சில், அம்மாவுக்கு வெற்றிலை, நைனாவுக்குப் பொடி டப்பி. சாப்பிடச் சொன்னால் சாப்பிட மாட்டார்.

“ஏன்டா, என் சோறு புடிக்கலியா? இல்ல படத்துல வர்றவளுங்க மாதிரி நான் பரிமாறணுமா?” என்று அம்மா கேட்பாள்.

“துன்னுட்டுத்தான் வந்தேன் அண்ணி.”

“எங்க துன்னே? சுந்தரி இன்னும் அடுப்பே பத்த வெக்கலன்னு இப்ப அங்கருந்து வந்த பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா.”

நைனா பேசாமல் சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். சித்தப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். இப்படியே இரண்டு மூன்று வருஷம் போயிற்று. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தார். தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயம் அவரை வரவும் வைத்தது, சாப்பிட விடாமலும் வைத்தது.

அறுபதாம் வருஷம் எல்லை முடிவானது. பக்கத்துப் பள்ளிப்பட்டு மதராஸோடு போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அந்தக் கோடையில் அம்மா வேண்டிக்கொண்டதற்காக மலைக்கு நடந்து போவது என்று புறப்பட்டோம். நைனா, அம்மா, நான், கூட சித்தப்பா. அலிபிரியில் படி ஆரம்பிக்கிற இடத்தில் சிட்டிபாபுவைப் பார்த்தோம். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்திருந்தார். பழைய குத்தல் எதுவும் இல்லாமல் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரங்கையா, சங்கதி தெரியுமா? எல்லை முடிஞ்சதும் மொத வேலையா டிரான்ஸ்ஃபார்மர் வெச்சிட்டான். பெருசு. இப்ப பத்து கொட்டகை போட்டாலும் மோட்டாரு அசையாது.”

“நல்லது” என்றார் நைனா.

சிட்டிபாபு போனதும் அம்மா வெற்றிலை வாங்கக் கடைப் பக்கம் போனாள். நைனா முதல் படியில் உட்கார்ந்தார். சித்தப்பா எதிரில் நின்றார். நான் பையோடு இரண்டு படி மேலே இருந்தேன்.

“அண்ணா, டெஸ்டு பண்ண வந்தாங்களே, அன்னிக்கு...” சித்தப்பா குனிந்து படியைப் பார்த்தார். “அன்னிக்கு நான் வெளக்கக் கொறைச்சி வெச்சேன்.”

நைனா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“நான் அங்கதானே உக்காந்துக்கினு இருந்தேன். எத்தினி நாளு பாத்திருக்கேன் உன் வெளக்க. தெரியாதா?”

 மேலே ஏறுகிறவர்கள் சித்தப்பாவை இடித்துக்கொண்டு கோவிந்தா சொல்லிப் போனார்கள்.

“அப்புறம் ஏன் அவுனுன்னு சொன்னே?”

“வேற இன்னா சொல்லச் சொல்றே? ஊரே பாக்குது. நீ கதவாண்ட நின்னுக்கினு இருக்கே. என் தம்பி பொய் வெளக்கு காட்றான்னு நானே சொல்லணுமா?”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்” என்று நைனாவும் ஒத்துக்கொண்டார்.

“தோட்டா வெச்சப்பவும் தெரியுமா?”

“தெரியும்டா.”

“தெரிஞ்சே வெச்சியா?”

“கபிலை ஓடியிருந்தா யாருக்கும் நஷ்டமில்ல. ஓடல. வுடு. இதை வெச்சிக்கினு இத்தினி வருஷம் சோறு துன்னாம கெடந்தியா? பைத்தியம். வா, வெய்யில் ஏறுது.”

நைனா லேசாகச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவிட்டதாக அவர் நினைத்தார். கையை ஊன்றி எழுந்து படியேறத் தொடங்கினார். அம்மா வந்து சேர்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தால் சித்தப்பா இல்லை. பின்னால் வருவார் என்று நினைத்தோம். மலையில் ராத்திரி தங்கினோம், அங்கேயும் தேடினோம். அவர் ஏறவே இல்லை.

அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. திருப்பதிக் கொட்டகையில் கேட்டபோது கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில், மதராஸ் எல்லைக்குள், ஒரு நெல் மிஷினில் வேலை செய்வதாகப் பிறகு தெரிந்தது. விளக்கு வேலையை விட்டுவிட்டார். நைனா ஒருமுறை பஸ் பிடித்துப் போனார். சித்தப்பா மிஷினுக்குப் பின்பக்கமாக வெளியே போய்விட்டார். நைனா சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மழைக்காலத்தில் சுந்தரி சித்தி மட்டும் வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தி வந்த விஷயத்தைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

“அவரு வரமாட்டாரு அக்கா. அண்ணனுக்குத் தெரியாம ஏமாத்திட்டேன்னு இருந்த வரைக்கும் எப்படியோ வந்துக்கினு இருந்தாரு. அண்ணன் தெரிஞ்சே தனக்காகக் கிணத்தை வுட்டாருன்னதும் அவரால தாங்க முடியல. மாமா மூஞ்சியப் பாத்தா அந்த விரிசல்தான் தெரியுதாம். தூக்கத்துல கூட அவுனண்டி, அவுனண்டின்னு சொல்றாரு.”

நைனா கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லாட்ஜுக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை பலமாகப் பெய்தது. அம்மா சித்திக்குச் சோறு போட்டு, சாப்பிடு சாப்பிடு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்குப் படியாண்ட அவன் கேட்டப்ப நான் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்” என்றார் நைனா.

 கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும், இந்த முறை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “ஒரு தடவ பொய் சொன்னவன், இன்னொரு தடவையும் சொல்லியிருக்கணும்” என்றார்.